இயந்திரத்துக்கும் நாடி பார்க்க வேண்டும்!

“இன்னிக்கு மிஷின் ஓடாதும்மா. எல்லாரும் கொஞ்சம் பொறுத்துக்கணும்!”

டெக்னீஷியன் வந்து இப்படிச் சொன்னதும், வராந்தாவில் உட்கார்ந்திருந்த நாங்கள் இருபது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொண்டோம். அன்று வெள்ளிக்கிழமை. சிகிச்சை முடிந்ததும் மாலை பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போகலாம் என்று நான் மூட்டையைக் கட்டி வைத்திருந்தேன். வீட்டில் சினைப் பசு இன்றோ நாளையோ என்று நிற்கிறது. மகளுக்குத் திங்கட்கிழமை பரீட்சை. எல்லாவற்றுக்கும் மேலாக, “ஒரு நாள்கூட விடாம வரணும்” என்று முதல் நாளே டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இப்போது அவர்களே ‘ஓடாது’ என்றால்?

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தக் கோபத்தினால்தான் நான் ஒரு பெரிய விஷயத்தைத் தெரிந்து கொண்டேன். அதை உங்களுக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன், சகோதரிகளே.

எங்கள் ஊர் கான்சாபுரம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம், வத்திராயிருப்பை அடுத்து, மலையைப் பார்த்தபடி இருக்கும் சின்ன ஊர். நெல்லும் தென்னையும் மாடும்தான் பிழைப்பு. என் மாமியாருக்கு அப்போது வயது 61. மாதவிலக்கு நின்று பத்து வருஷம் கழித்து மறுபடி உதிரம் பட்டிருக்கிறது. “இந்த வயசுல இதைப் போய் யார்கிட்டச் சொல்ல?” என்று ஐந்து மாதம் வாயைத் திறக்கவில்லை. துவைக்கிற இடத்தில் புடவையைப் பார்த்து நானாகத்தான் கண்டுபிடித்தேன். பரிசோதனையில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று தெரிந்தது. “ஆபரேஷன் வேண்டாம், கதிர்வீச்சு சிகிச்சையிலேயே குணப்படுத்தலாம்” என்று மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கொண்டார்கள்.

எங்கள் பக்கத்தில் இதற்குக் ‘கரண்டு வைக்கிறது’ என்று பெயர். கரண்டு என்றதும் அத்தை ரொம்பப் பயந்து போனார். “ஷாக் அடிக்குமா தாயி?” என்று கேட்டபடியேதான் முதல் நாள் உள்ளே போனார். ஷாக்கும் இல்லை, சூடும் இல்லை, வலியும் இல்லை. சில நிமிஷம் அசையாமல் படுத்திருந்துவிட்டு வெளியே வந்து, “இதுக்கா இம்புட்டுப் பயந்தேன்!” என்று சிரித்தார்.

கண்ணுக்கும் தெரியாது, உடம்புக்கும் தெரியாது என்பது நோயாளிக்கு ஆறுதல்தான். ஆனால் அதிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. மாத்திரை இரண்டுக்குப் பதில் மூன்று கொடுத்தால் எண்ணிப் பார்த்துக் கேட்கலாம். கதிர் கூடவோ குறையவோ வந்தால் நோயாளிக்கு எப்படித் தெரியும்?

“அதுக்குத்தான் நிறுத்தியிருக்கேன்”

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். நான் எழுந்து நேராக உள்ளே போனேன். முப்பது வயது இருக்கலாம், வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண், கம்ப்யூட்டர் முன்னால் கணக்குப் போட்டுக் கொண்டிருந்தார்.

“ஒரு நாள்கூட விடக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? எங்க அத்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்களா பொறுப்பு?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபித்துக் கொள்ளவில்லை. “ஆமாக்கா, நான்தான் பொறுப்பு. அதுக்குத்தான் நிறுத்தியிருக்கேன்” என்றார்.

அவர் டாக்டர் இல்லை, பௌதிகம் படித்தவர். ‘மெடிக்கல் பிசிசிஸ்ட்’ என்று பெயர். தமிழில் மருத்துவ இயற்பியலாளர் என்கிறார்கள். எந்த இடத்தில், எவ்வளவு கதிர் வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுப்பார். எழுதிய அளவு எழுதிய இடத்தில்தான் விழுகிறதா என்பதற்கு இவர் பொறுப்பு. நோயாளிகள் வருவதற்கு முன்பே காலையில் வந்து இயந்திரத்தைப் பரிசோதிக்கிறார். நாம் டாக்டரிடம் நாடியைக் காட்டுகிற மாதிரி, அந்த இயந்திரம் தினமும் இவரிடம் நாடியைக் காட்டுகிறது!

“இன்னிக்குக் காலையில பார்த்தேன். நூறு வரவேண்டிய இடத்துல நூத்தி நாலு காட்டுது. மூணு சதவீதத்துக்கு மேல போனா நிறுத்திடணும். இன்னொரு கருவியை வச்சுத் திரும்ப அளந்தேன். அப்பவும் நாலுதான். அதான் இன்ஜினீயரைக் கூப்பிட்டிருக்கோம்.”

“நூத்துக்கு நாலுதானே? அதுக்காகவா இத்தனை பேரை உட்கார வச்சிருக்கீங்க?”

“எந்த ஊருக்கா நீங்க?” என்று திருப்பிக் கேட்டார்.

“கான்சாபுரம். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம்.”

“பால்கோவா ஊரா! அப்ப சுலபமா சொல்லிடலாம்” என்று சிரித்தார்.

பால்கோவா பதம்

பால்கோவா கிண்டுகிறவர்களுக்குத் தெரியும். தீ குறைந்தால் பால் சுண்டாது, தளதளவென்று நின்றுவிடும். தீ கூடினால் அடிப்பிடித்துக் காந்தல் வாசனை வந்துவிடும். நடுவில் இருக்கிற அந்தப் பதத்துக்குத்தான் இத்தனை பேர். கதிர்வீச்சும் அப்படித்தானாம்.

கதிர் பட்டதும் உயிரணுக்களுக்குள் இருக்கும் மரபுப் பொருள் அறுபடுகிறது. நல்ல அணுக்கள் மறுநாளைக்குள் பெரும்பாலும் பழுது பார்த்துக் கொள்கின்றன. புற்று அணுக்களுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. அதனால்தான் மொத்த அளவையும் ஒரே நாளில் கொடுக்காமல் பிரித்துப் பிரித்துக் கொடுக்கிறார்கள். அத்தைக்குத் தினம் 2 கிரே என்ற அளவில் 25 நாள்; மொத்தம் 50 கிரே. வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து வாரம். பிறகு உள்ளே வைத்துக் கொடுக்கும் சிகிச்சை தனி.

கர்ப்பப்பைக்கு முன்னால் சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல். அளவு கூடினால் அவை புண்ணாகும். அந்தப் புண் மாதங்கள், வருஷங்கள் கழித்துக்கூடத் தலைகாட்டும். அளவு குறைந்தால் நோய் முழுதும் சாகாது, திரும்பி வரும். ‘கொடுக்கிற அளவு, சொன்ன அளவிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது’ என்று கதிர்வீச்சு அளவைகளுக்கான சர்வதேசக் குழு 1976-லேயே சொல்லியிருக்கிறது.

“அஞ்சுக்குள்ளதானே நாலு இருக்கு?” என்று நான் விடவில்லை.

“அக்கா, அந்த அஞ்சு எல்லாத்துக்கும் சேர்த்து. நோயாளி படுக்கறப்ப கொஞ்சம் நகருவாங்க. நாலு வாரத்துல உடம்பு இளைச்சிருக்கும். கணக்குலயும் துளி வித்தியாசம் இருக்கும். இத்தனையும் சேர்ந்து அஞ்சுக்குள்ள நிக்கணும்னா, மிஷினுக்கு மட்டுமே நாலைத் தூக்கிக் கொடுத்துட முடியுமா?”

வீட்டுச் செலவுக்கு இருக்கிற பணத்தில் முக்காலையும் ஒரே கடையில் கொடுத்துவிட்டு வந்தால் மாதம் எப்படி ஓடும்? எனக்குப் புரிந்தது.

காலையில் என்னென்ன பார்க்கிறார்கள்?

பிற்பகலில், இயந்திரத்தைக் கழற்றி மூடிய பிறகு, வாசலில் நின்று எட்டிப் பார்க்க அனுமதித்தார். சுவர்களிலிருந்தும் மேலேயிருந்தும் மெல்லிய ஒளிக்கோடுகள் வந்து நடுவில் ஒரு புள்ளியில் குறுக்காக வெட்டிக் கொள்கின்றன. அத்தையின் வயிற்றில் போட்டிருந்த மைக்குறிகள் இந்தக் கோடுகளோடு பொருந்தத்தான். அந்தப் புள்ளி 2 மில்லிமீட்டருக்கு மேல் விலகக் கூடாதாம். அதாவது ஒரு நெல்மணியின் அகலம்கூட இல்லை!

கதவு திறந்திருந்தால் கதிர் வரக்கூடாது. ஓடும்போது கதவைத் திறந்தால் உடனே நிற்க வேண்டும். வெளியே இருப்பவர்களுக்கு நோயாளி டெலிவிஷனில் தெரிய வேண்டும், குரல் கேட்க வேண்டும். கதிர் வருகிறது என்று எச்சரிக்கும் விளக்கு எரிய வேண்டும். இத்தனையும் தினசரிப் பரிசோதனை. மாதத்துக்கு ஒரு முறை இன்னும் கடுமையான பரிசோதனை. அதில் 2 சதவீதத்துக்கு மேல் விலகல் கூடாது. வருஷத்துக்கு ஒரு முறை, புதிதாக வந்து இறங்கிய இயந்திரம் போல முதலிலிருந்து எல்லாவற்றையும் அளக்கிறார்கள்.

அளப்பது எதில் தெரியுமா? தண்ணீரில்! மனித உடம்பில் பெரும்பங்கு தண்ணீர்தான் என்பதால், ஒரு தண்ணீர்த் தொட்டியை மேஜைமேல் வைத்து, சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு கருவியை அதற்குள் நிறுத்திக் கதிரைப் பாய்ச்சுகிறார்கள். அறையின் வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும்கூடக் குறித்துக் கணக்கில் சேர்க்கிறார்கள்.

“அந்தக் கருவியே தப்பா இருந்தா?” என்று கேட்டேன். பால் ஊற்றும் இடத்தில் அளவுப் படியைத் திருப்பிப் பார்த்து முத்திரை தேடுகிறவள் நான், கேட்காமல் இருப்பேனா?

“நல்ல கேள்விக்கா!” என்றார். தராசுக்கும் படிக்கல்லுக்கும் அரசாங்க முத்திரை இருப்பது போல, இந்தக் கருவியையும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை சரிபார்க்க அனுப்புகிறார்கள். அந்த வேலையைச் செய்வது மும்பையிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம். தபாலிலும் ஒரு சோதனை உண்டாம்! கதிரை உள்வாங்கி வைத்துக் கொள்ளும் ஒரு வகைப் பொடியைச் சின்னக் குப்பியில் போட்டு அனுப்புவார்கள். ‘இத்தனை அளவு கொடுங்கள்’ என்ற குறிப்பும் வரும். ஆஸ்பத்திரியில் அந்த அளவைக் கொடுத்துத் திருப்பி அனுப்பினால், அங்கே பொடியைச் சூடாக்குகிறார்கள். வாங்கிய கதிருக்கு ஏற்றபடி அது ஒளி விடும். அந்த ஒளியை அளந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். சர்வதேச அணுசக்தி முகமையும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 1969-லிருந்து இப்படித் தபால் மூலம் பல நாட்டு ஆஸ்பத்திரிகளைச் சோதித்து வருகின்றன.

நம் நாட்டில் இதையெல்லாம் கண்காணிக்க 1983 நவம்பர் 15-ல் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஏற்பட்டது. அதன் அனுமதி இல்லாமல் எந்த ஆஸ்பத்திரியும் இந்த இயந்திரத்தை ஓட்ட முடியாது. தகுதி பெற்ற இயற்பியலாளர் இல்லாமலும் ஓட்டக் கூடாது.

அளக்காமல் விட்டால்...

“எல்லா ஊரிலேயும் இப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் செய்றாங்களா?” என்று கேட்டதற்கு, அவர் முகம் கொஞ்சம் மாறியது. இரண்டு சம்பவங்கள் சொன்னார்.

முதலாவது அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில், 1974 முதல் 1976 வரை நடந்தது. அங்கே இருந்தது கோபால்ட் இயந்திரம். கோபால்ட் என்பது தானாகவே கதிர் விடும் உலோகம். அதன் வலிமை மாதத்துக்கு ஏறத்தாழ 1 சதவீதம் குறையும். ஐந்தேகால் வருஷத்தில் பாதியாகிவிடும். வலிமை குறையக் குறைய நோயாளியைக் கூடுதல் நேரம் படுக்க வைக்க வேண்டும். எவ்வளவு குறைந்திருக்கும் என்று அங்கிருந்தவர் ஒரு வரைபடம் போட்டார். அந்த வரைபடம் தப்பு. உண்மையில் குறைந்ததைவிட அதிகமாகக் குறைந்ததாக அது காட்டியது. ஆகவே எல்லோருக்கும் தேவைக்கு மேல் நேரம் கொடுக்கப்பட்டது. 22 மாதங்கள் இயந்திரத்தை ஒரு முறைகூட அளந்து பார்க்கவில்லை! 426 நோயாளிகளுக்குக் கூடுதல் கதிர் பாய்ந்துவிட்டது. கருவியை வைத்து ஒரே ஒரு நாள் அளந்திருந்தால் போதும், பிழை அன்றே பிடிபட்டிருக்கும்.

இரண்டாவது 1996-ல், கோஸ்டாரிகா நாட்டின் தலைநகரான சான் ஹோசேயில். பழைய கோபால்ட்டை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினார்கள். அதன் வலிமையை அளக்கும்போது, கடிகாரத்தில் 0.3 நிமிஷம் என்று இருந்ததை 30 விநாடி என்று எடுத்துக் கொண்டுவிட்டார்கள். 0.3 நிமிஷம் என்றால் 18 விநாடி அல்லவா? இந்த ஒரு பிசகினால் 115 பேருக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் கதிர் பாய்ந்தது. பலர் கடும் புண்பட்டார்கள், உயிரிழந்தவர்களும் உண்டு. இன்னொருவர் தனியாக ஒரு முறை அளந்து பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

கேட்டுக் கொண்டிருந்த எனக்கு வாயடைத்துப் போயிற்று. காலையில் இவரிடமா அப்படிக் கத்தினோம் என்று கூச்சமாக இருந்தது.

“ஒரு நாள் விட்டுப் போனா, சனிக்கிழமை கொடுத்து ஈடுகட்டிடலாம்க்கா. கூடப் போன கதிரைத் திருப்பி எடுக்க முடியாது. அதனாலதான் நிறுத்தறதுக்கு நாங்க தயங்கறதே இல்லை” என்றார்.

சனிக்கிழமை

இன்ஜினீயர் வேலையை முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகும் உடனே நோயாளியை ஏற்றவில்லை. மறுபடி தண்ணீர்த் தொட்டி, மறுபடி அளவு, மறுபடி கணக்கு. நாங்கள் சாப்பிட்டுவிட்டு அந்தப் பக்கம் வந்தபோதும் அந்த அறையில் விளக்கு எரிந்து கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலையில் எல்லோருக்கும் சிகிச்சை கொடுத்தார்கள். முந்தின நாள் முணுமுணுத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வந்திருந்தார்கள்.

அன்று ஊரிலிருந்து என் வீட்டுக்காரர் போன் பண்ணினார். பசு ராத்திரியே கன்று போட்டுவிட்டதாம், கிடாரிக் கன்று. “நீ இல்லாமலே ஆயிருச்சு” என்றார். நான் கொஞ்சம் வருத்தப்பட்டேன். பக்கத்தில் இருந்த அத்தை சொன்னார்:

“மாட்டுக்குப் பிரசவம் பாக்க ஊர்ல நாலு பேரு இருக்காக தாயி. எனக்குக் கரண்டு வைக்கிற மிஷினுக்கு வைத்தியம் பாக்க அந்தப் பிள்ளை ஒருத்திதான் இருக்கு!”

நம் தமிழ்நாட்டில் புற்றுநோய்க்கென்று தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று போராடியவர் ஒரு பெண்மணி என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையை இந்த நோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரத்தில் பிறந்த எண்ணம்தான் 1954-ல் 12 படுக்கைகளோடு சென்னை அடையாற்றில் ஆரம்பமான புற்றுநோய் ஆஸ்பத்திரி. அன்று இந்த வியாதிக்குத் தென்கோடியிலிருந்து சென்னைக்கு ஓட வேண்டியிருந்தது. இன்று மதுரையிலேயே சிகிச்சை கிடைக்கிறது. இயந்திரம் நமக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அதைத் தினமும் அளந்து பார்க்கும் மனுஷரும் கூடவே வந்தால்தான் அது நமக்கு மருந்து.

நாம் செய்யக் கூடியவை

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தச் சிகிச்சை நடந்தால், இவற்றை மனசில் வைத்துக் கொள்ளுங்கள்:

உடம்பில் போட்ட மைக்குறியைத் தேய்த்துக் குளித்து அழித்துவிட வேண்டாம். மங்கினால் டெக்னீஷியனிடம் சொல்லுங்கள். நீங்களாகப் பேனாவால் வரையாதீர்கள்.

நோயாளி மெலிந்துவிட்டாலோ, முகத்துக்குப் போடும் உறை தொளதொளத்தாலோ உடனே சொல்லுங்கள். போட்ட கணக்கு பழைய உடம்புக்குத்தான்.

தினமும் பெயரைக் கேட்டு, போட்டோவைப் பார்ப்பார்கள். “தினம் வர்றவதானே!” என்று அலுத்துக் கொள்ளாதீர்கள். ஒருவருக்குரியது இன்னொருவருக்குப் போகாமல் இருக்கத்தான் அது.

சிறுநீரை அடக்கி வரச் சொன்னால் அப்படியே வர வேண்டும். சிறுநீர்ப்பை நிறைவதும் காலியாவதும் உள்ளே இருக்கும் உறுப்புகளை நகர்த்திவிடும்.

ஆஸ்பத்திரிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி இருக்கிறதா, இயற்பியலாளர் இருக்கிறாரா என்று முதல் நாளே கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

நீங்களாக ஒரு நாளும் விடாதீர்கள். இயந்திரம் நின்று ஒரு நாள் விட்டுப் போனால், ‘அதை எப்படி ஈடுகட்டுவீர்கள்?’ என்று டாக்டரிடம் கேளுங்கள். அவசரப்படுத்தி மட்டும் ஓட்டச் சொல்லாதீர்கள்.

வெளியிலிருந்து இயந்திரத்தால் கதிர் வாங்கிக் கொண்டவர் உடம்பில் கதிர் ஒட்டிக் கொள்வதில்லை. பேரப்பிள்ளைகள் தாராளமாக மடியில் ஏறலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு துளி உதிரம் பட்டாலும் மறைக்காதீர்கள். அத்தை மறைத்த அந்த ஐந்து மாதத்தை எந்த இயந்திரத்தாலும் ஈடுகட்ட முடியாது.

அத்தைக்குச் சிகிச்சை முடிந்து நான்கு வருஷம் ஆகிறது. டாக்டர் சொன்ன தேதிகளில் தவறாமல் பரிசோதனைக்குப் போய் வருகிறோம். அன்று பிறந்த கிடாரி வளர்ந்து இப்போது கறவையில் இருக்கிறது. அதன் பாலை அளந்து ஊற்றும்போதெல்லாம் அத்தை படியைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார்.

“அளவுன்னா அளவா இருக்கணும் தாயி. நான் பிழைச்சுக் கிடக்கிறதே அதுலதான!” என்கிறார்.